பழைய விபி6 பில்லிங் மென்பொருள் லினக்ஸ் மின்டில் ஓடவில்லை: வைன், டேப் எழுத்துரு, டாட் மேட்ரிக்ஸ் – உதவி தேவை

அரிசிமண்டி_தஞ்சை

வணக்கம். எங்கள் அப்பாவின் அரிசி மண்டியில் 2004-லிருந்து ஒரே பில்லிங் மென்பொருள்தான் ஓடுகிறது. அப்போது ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவர் விபி6-இல் (விஷுவல் பேசிக் 6) எழுதிக் கொடுத்தது, கணக்கு முழுவதும் அக்சஸ் எம்டிபி கோப்பில் இருக்கிறது. அவர் வெளிநாடு போய்விட்டார், சோர்ஸ் கோடு அவரிடமே இல்லையாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, எங்களுடையது 6-ஆம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11 ஏறாது. நல்லா ஓடுகிற பெட்டியைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸ் மின்ட் 22 போட்டு, அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று சிஸ்டம் மொழியைத் தமிழாக வைத்தேன்.

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டுகிற வைன் நிறுவியாயிற்று. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மென்பொருளின் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து எக்ஸ்இ-யைத் திறந்தால் முதலில் எம்எஸ்விபிவிஎம்60.டிஎல்எல் இல்லை என்றது. அதை வேறொரு விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவந்து உள்ளே வைத்தேன். இப்போது "ரன்-டைம் எரர் 339, எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸ் சரியாகப் பதிவாகவில்லை" என்கிறது. அந்த ஓசிஎக்ஸ் துணைக்கோப்பையும் கொண்டுவந்து பக்கத்திலேயே வைத்துப் பார்த்தாயிற்று, பயனில்லை.

பில் ஆங்கிலத்தில் டாட் மேட்ரிக்ஸில் அடிக்க வேண்டும், வாடிக்கையாளர் பெயரும் பேரேடும் டேப் என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தமிழில் இருக்கின்றன. பழைய பாக்கி எல்லாம் அதில்தான். யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நெல்லை_லினக்ஸ்

முதல் வேலை: அந்த எம்டிபி கோப்பை ஒரு பென்டிரைவில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். இனி செய்கிற சோதனை எல்லாம் நகலில்தான் நடக்க வேண்டும்.

அடுத்து, மென்பொருளை யாரும் நகலெடுத்து ஓட்டாமல் தடுக்கிற யூஎஸ்பி பூட்டு, அதாவது டாங்கிள், ஏதாவது செருகி வைத்திருந்தீர்களா? அது இருந்தால் பேச்சே வேறு. அதன் டிரைவர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்காருவது, வைனில் கெர்னல் கிடையாது, பெரும்பாலும் நடக்காது.

அரிசிமண்டி_தஞ்சை

டாங்கிள் இல்லை அண்ணா. ஒரு பாஸ்வேர்டு மட்டும்தான்.

பெட்டிக்குள்_பெட்டி

நண்பரே, எதற்கு இவ்வளவு சிரமம்? கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை நடித்துக் காட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸில் பழைய விண்டோஸ் 7-ஐப் போட்டு, நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, உள்ளே இந்த மென்பொருளை ஓட்டுங்கள். ஓசிஎக்ஸை மட்டும் அங்கேயும் ஒருமுறை பதிவு செய்துவிட்டால், முன்பு எப்படி ஓடியதோ அப்படியே ஓடும். அசல் லைசென்ஸ் கையில் இருந்தால் இதுதான் நேர்வழி.

நெல்லை_லினக்ஸ்

விர்ச்சுவல்பாக்ஸ் வழியும் சரிதான், டாங்கிள் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் கடையில் காலை ஷட்டரைத் திறந்ததும் அப்பா ஒரு ஐகானைத் தட்ட வேண்டும், பில் வர வேண்டும். நடுவில் இன்னொரு முழு விண்டோஸ் பூட் ஆகிற வரை காத்திருப்பதும், அதற்கு 2 ஜிபி ரேமைப் பிரித்துக் கொடுப்பதும் இந்தச் சின்ன விபி6 மென்பொருளுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். வைன் ஒரு கம்ப்யூட்டரையே நடித்துக் காட்டுவதில்லை. மென்பொருள் விண்டோஸிடம் "ஜன்னலைத் திற, கோப்பைப் படி" என்று கேட்கிற ஒவ்வொன்றையும் லினக்ஸ் புரிந்துகொள்கிற விதமாக மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். 1993-இல் தொடங்கிய திட்டம், 2008-இல்தான் 1.0 வந்தது. அந்தக் காலத்து விபி6 மென்பொருள்களில் நிறைய அதில் நன்றாகவே ஓடுகின்றன.

உங்கள் 339 பிழைக்குக் காரணம் இதுதான். ஓசிஎக்ஸ் கோப்பு பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அதன் பெயர் ஏறியிருக்க வேண்டும். விண்டோஸில் செட்டப் ஓடியபோது அது நடந்தது. நீங்கள் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்ததால் அந்தப் பதிவு பழைய டிஸ்க்கிலேயே நின்றுவிட்டது.

இப்போது இருக்கிற வைன் ஃபோல்டரை விட்டுவிட்டு, மண்டிக்கென்று தனியாக ஒரு வைன்பிரீஃபிக்ஸ் (வைன் தன் சி டிரைவையும் ரெஜிஸ்ட்ரியையும் வைத்துக்கொள்கிற ஃபோல்டர்) உருவாக்குங்கள். உருவாக்கும்போதே வைன்ஆர்க் என்ற மாறிக்கு வின்32 என்று மதிப்புக் கொடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. ஏன் 32 பிட் என்றால், பழைய அக்சஸ் எஞ்சினான ஜெட் 4-ஐயும் தரவுத்தள இணைப்புக்கான எம்டாக்கையும், துணைக்கோப்புகளை வைனில் நிறுவித் தருகிற கருவியான வைன்ட்ரிக்ஸ் 32 பிட் பிரீஃபிக்ஸில்தான் ஒழுங்காக நிறுவும். அப்புறம் வைன்ட்ரிக்ஸில் அந்த பிரீஃபிக்ஸைத் தேர்ந்தெடுத்து விபி6ரன், காம்சிடிஎல்32ஓசிஎக்ஸ், எம்எஸ்எஃப்எல்எக்ஸ்ஜிஆர்டி, எம்டாக்28, ஜெட்40 இவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். நீங்கள் கொண்டுவந்து வைத்த டிஎல்எல், ஓசிஎக்ஸ் இரண்டையும் அழித்துவிடுங்கள், எந்தப் பதிப்பு என்றே தெரியாத கோப்பு குறுக்கே நிற்கக் கூடாது.

அரிசிமண்டி_தஞ்சை

பிரீஃபிக்ஸ் உருவாக்கும்போதே நிற்கிறது. வைன்ஆர்க் வின்32 என்று இருக்கிறது, ஆனால் வாவ்64 முறையில் அதற்கு ஆதரவு இல்லை என்று ஒரு வரி வருகிறது. மின்ட்டில் வந்த வைன் பழையது என்று யாரோ சொன்னதால் வெளியிலிருந்து ஒரு புது வைன் இறக்கியிருந்தேன்.

காவிரிக்கரை

அதுதான் காரணம் தம்பி. வைன் 9.0-லிருந்து புதிய வாவ்64 என்று ஒரு முறை இருக்கிறது, 32 பிட் லைப்ரரி எதுவும் இல்லாமல் 64 பிட் லினக்ஸிலேயே 32 பிட் விண்டோஸ் மென்பொருளை ஓட்டுவது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படிக் கட்டிய வைன் தனி 32 பிட் பிரீஃபிக்ஸை ஏற்காமல் நீங்கள் பார்த்த வரியைத்தான் காட்டும். அதை நீக்கிவிட்டு மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் இருக்கிற வைனையே போடுங்கள், கூடவே வைன்32 பேக்கேஜும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மென்பொருளுக்குப் புதிய வைன் எதையும் கூடுதலாகத் தரப்போவதில்லை.

அரிசிமண்டி_தஞ்சை

வந்துவிட்டது அண்ணா! பாஸ்வேர்டு திரை வந்தது. உள்ளே போனதும் கோப்பைக் காணோம் என்றது. டி டிரைவில் ஒரு ஃபோல்டரைத் தேடுகிறது என்று புரிந்தது, வைன் கான்ஃபிகரேஷனில் டிரைவ்ஸ் பகுதிக்குப் போய் டி என்ற எழுத்துக்கு எம்டிபி நகல் இருக்கிற ஃபோல்டரைக் காட்டினேன், திறந்துகொண்டது.

இப்போது தமிழ்தான் பிரச்சினை. முதலில் பெயர் எல்லாம் தலையில் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக இருந்தன. டேப் எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பை பிரீஃபிக்ஸுக்குள் விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டேன். தமிழ் வடிவம் வருகிறது, ஆனால் எழுத்துகள் கலைந்து, நடுநடுவே கேள்விக்குறி. ஆங்கிலமும் எண்ணும் மட்டும் சுத்தமாக இருக்கின்றன.

காவிரிக்கரை

கேள்விக்குறி தெரிகிற வரை எந்தப் பதிவையும் திறந்து சேமிக்காதீர்கள். பார்ப்பதால் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பெட்டியில் கேள்விக்குறியாக மாறிய பெயரை அப்படியே சேமித்தால் கோப்பிலும் கேள்விக்குறிதான் எழுதப்படும், அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாராலும் மீட்க முடியாது. இருபது வருட பாக்கிக் கணக்கு, கவனம்.

காரணத்தைச் சொல்கிறேன். டேப் என்பது 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய இருமொழிக் குறியேற்றம். 0 முதல் 127 வரை வழக்கமான ஆங்கிலம், 128-க்கு மேல் தமிழ். அதனால்தான் உங்களுக்கு ஆங்கிலம் மட்டும் சேதமில்லாமல் வருகிறது. மேல் பாதியில் இருக்கிற எண்ணை எந்த எழுத்தாக எடுத்துக்கொள்வது என்பதைக் கோட்பேஜ் என்ற அட்டவணை முடிவு செய்கிறது. இந்த எழுத்துருக்களும் விபி6-உம் 1252 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணையை நம்பித்தான் வேலை செய்தன. நீங்கள் மின்ட்டின் மொழியைத் தமிழாக வைத்திருக்கிறீர்கள், வைன் அதைப் பார்த்துத்தான் அட்டவணையைத் தேர்ந்தெடுக்கும். தமிழுக்கோ விண்டோஸில் அந்த மாதிரிப் பழைய அட்டவணையே ஒதுக்கப்படவில்லை, யூனிகோடு மட்டும்தான். விண்டோஸ் 10-இலேயே ரீஜியன் அமைப்பில் யூடிஎஃப்-8 பீட்டா என்று இருக்கிற பெட்டியை டிக் செய்தால் இந்த வகை மென்பொருள்களில் இதே போலக் குழப்பம் வரும்.

சிஸ்டம் மொழி தமிழாகவே இருக்கட்டும், அப்பாவுக்காக வைத்ததை மாற்ற வேண்டாம். இந்த ஒரு மென்பொருளை மட்டும் ஆங்கில அமைப்பில் திறந்தால் போதும். ஐகானின் கட்டளை வரியில் வைன் என்ற சொல்லுக்கு முன்னால் எல்சி_ஆல் என்ற மாறியைக் கொடுங்கள்.

பெட்டிக்குள்_பெட்டி

ஆமாம், அமெரிக்க ஆங்கிலம் என்று கொடுங்கள், 1252 வந்துவிடும். நானும் ஒரு பழைய அச்சக மென்பொருளுக்கு அப்படித்தான் செய்தேன்.

நெல்லை_லினக்ஸ்

அமெரிக்க ஆங்கிலம் வேண்டவே வேண்டாம், இந்திய ஆங்கிலம் கொடுங்கள். கோட்பேஜ் இரண்டுக்கும் 1252-தான், ஆனால் தேதி வேறு. அமெரிக்க அமைப்பில் மாதம் முன்னால் வரும், விபி6 தேதியைப் படிப்பதும் சிஸ்டம் அமைப்பை வைத்துத்தான். அப்பா 05/04 என்று ஏப்ரல் 5-ஐ அடித்தால் அது மே 4 என்று கணக்கில் ஏறும். அதைவிட மோசம், 13-ஆம் தேதியோ அதற்கு மேலோ அடித்தால் பதின்மூன்றாவது மாதம் இல்லையே என்று விபி6 சத்தமில்லாமல் தானே சரியாக மாற்றிக்கொள்ளும். ஆக மாதத்தின் பிற்பகுதி எல்லாம் ஒழுங்காகவும், முதல் 12 நாள் மட்டும் தப்பாகவும் இருக்கும். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும்போதுதான் கண்ணில் படும். அச்சக மென்பொருளில் தேதிக்கு வேலையில்லை, மண்டிக் கணக்கில் தேதிதான் உயிர்.

அரிசிமண்டி_தஞ்சை

இந்திய ஆங்கிலம் கொடுத்தேன். தமிழ் முழுசாக வந்துவிட்டது! பழைய விண்டோஸில் அச்சடித்த பேரேட்டுப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன், பெயர், ஊர், பாக்கி எல்லாம் சரி. 05/04 என்று அடித்துப் பார்த்தேன், ஏப்ரல்தான். அப்பாவும் "கா" என்று தொடங்குகிற பெயர்களைத் தேடிப் பார்த்தார், வழக்கம் போல வந்தன.

பிரின்டர் மட்டும் மிச்சம். பில் பட்டனை அழுத்தினால் எல்பிடி1 திறக்கவில்லை என்கிறது. பிரின்டர் பழைய பேரலல் வகை, யூஎஸ்பி-பேரலல் கேபிள் போட்டு இணைத்திருக்கிறேன்.

காவிரிக்கரை

அப்படியென்றால் மென்பொருள் விண்டோஸ் டிரைவரைக் கேட்காமல் நேராகப் போர்ட்டுக்கே எழுதுகிறது. ஒருவகையில் நல்லது, டிரைவர் தலைவலி கிடையாது. லினக்ஸில் அந்தக் கேபிள் டெவ் ஃபோல்டருக்குள் யுஎஸ்பி ஃபோல்டரில் எல்பி0 என்று தெரியும். அதே பிரீஃபிக்ஸில் வைனின் ரெஜெடிட்டைத் திறந்து லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், வைன், போர்ட்ஸ் என்ற இடத்துக்குப் போங்கள். போர்ட்ஸ் இல்லையென்றால் உருவாக்குங்கள். அதில் எல்பிடி1 என்ற பெயரில் ஸ்ட்ரிங் மதிப்பாக அந்த எல்பி0-வின் முழுப் பாதையை எழுதி, வைன் சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி திறங்கள்.

இன்னொன்று, அந்த எல்பி0-வில் எழுத எல்பி என்ற குழுவுக்குத்தான் அனுமதி. உங்கள் பயனரை அந்தக் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து திரும்ப வர வேண்டும். இதே பிரின்டரை மின்ட்டின் பிரின்டர் பட்டியலிலும் சேர்த்திருந்தால் அங்கிருந்து நீக்குங்கள், லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸ் அந்தக் கேபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் எல்பி0 காணாமல் போகும்.

அரிசிமண்டி_தஞ்சை

அடித்துவிட்டது! பட்டியலில் சேர்த்துத்தான் வைத்திருந்தேன், நீக்கிவிட்டுக் குழுவில் சேர்த்ததும் முதல் பில் வந்தது, கோடு கட்டம் எல்லாம் பழைய அச்சு மாதிரியே. மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. நாளை முதல் மண்டியில் இதில்தான் பில்.

நெல்லை_லினக்ஸ்

ரொம்ப மகிழ்ச்சி தம்பி. இப்போது ஓடுகிற அந்த பிரீஃபிக்ஸ் ஃபோல்டரை முழுசாக நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி மாறினாலும் முதலிலிருந்து நிறுவ வேண்டியிருக்காது. நேரம் கிடைக்கும்போது எம்டிபி டூல்ஸ் என்ற லினக்ஸ் கருவியால் அட்டவணைகளை சிஎஸ்வி-யாக எடுத்து, ஓப்பன்-தமிழ் லைப்ரரியில் இருக்கிற டேப்-யூனிகோடு மாற்றியில் பெயர்களை மாற்றிப் பாருங்கள். எம்டிபி டூல்ஸ் தருவது யூடிஎஃப்-8-இல் அந்தக் கொம்பு வைத்த எழுத்துகளாக இருக்கும், ஆகவே முதலில் 1252 பைட்டுகளுக்குத் திருப்ப வேண்டியிருக்கலாம். சிக்கினால் நாலைந்து வரி மாதிரியை இங்கே போடுங்கள், வாடிக்கையாளர் பெயரையும் போன் எண்ணையும் எடுத்துவிட்டு.