டீச்சர் லெட்டர் வரலைன்னா அப்ளிகேஷன் செத்துச்சா?

நெட்டிலிங்கம்:
அமெரிக்க காலேஜ் அட்மிஷனுக்கு டீச்சர் எழுதும் பரிந்துரைக் கடிதம் பற்றிய பக்கத்து இழையில் ஒரு மகான் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார்: "டெட்லைன் ராத்திரிக்குள்ள டீச்சர் லெட்டர் வரலைன்னா ஃபைலைத் திறக்கவே மாட்டாங்க. சப்மிட் பண்ணி ஃபீஸை வீணாக்காதீங்க." இதைப் படித்துவிட்டு எத்தனை பிள்ளைகள் பட்டனை அமுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்களோ! அந்தக் கெடு உங்களுக்கு. டீச்சருக்கு அல்ல. காமன் ஆப்பில் (பல காலேஜுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் தளம்) உங்கள் படிவம் ஒரு வழியாகப் போகிறது, டீச்சர் லெட்டர் இன்னொரு வழியாக, பள்ளியில் வழிகாட்டும் கவுன்சிலரின் ஸ்கூல் ரிப்போர்ட் வேறொரு வழியாக. ஒன்றுக்காக மற்றொன்று நிற்காது. லெட்டர் வராமலே சப்மிட் ஆகும். முதலில் அதைச் செய்யுங்கள்.

கடைசிபெஞ்ச்:
மகான் நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாமே, எதுக்கு இந்த மறைமுகம்? எங்க அக்கா பொண்ணுக்கு நடந்ததைத்தான் எழுதினேன். ஒரு லெட்டர் லேட். ரிஜெக்ட். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

நெட்டிலிங்கம்:
லெட்டர் லேட் ஆனதால்தான் ரிஜெக்ட் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்களா?

கடைசிபெஞ்ச்:
காரணம் எந்த காலேஜ் சொல்லும்? லேட் ஆச்சு, கிடைக்கல. நடுவுல என்ன இருக்குன்னு எங்களுக்கே புரியும்.

நெட்டிலிங்கம்:
மதிப்பெண், கட்டுரை, போட்டி எல்லாம் நடுவில் இருக்கிறது. அது உங்கள் கண்ணில் படாது. மறுபடி சொல்கிறேன்: கெடு மாணவருக்கு, டீச்சருக்கு அல்ல. ரெகுலர் ரவுண்டில், அதாவது வழக்கமான விண்ணப்பச் சுற்றில், பல காலேஜுக்குக் கெடு ஜனவரி 1. அதற்கு முந்தைய வாரம் பள்ளிகளுக்கு விடுமுறை. கவுன்சிலரும் டீச்சரும் வீட்டில் இருப்பார்கள் என்று அட்மிஷன் ஆபீஸுக்குத் தெரியாதா? உங்கள் படிவம் நேரத்துக்கு வந்ததா என்றுதான் பார்ப்பார்கள். மற்ற தாள்கள் சில நாள் தள்ளி வந்தால் பெரும்பாலான இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள்.

தேன்சிட்டு:
ரெண்டு பேரும் சண்டை போடுங்க, வேணாம்னு சொல்லல. இப்போ லெட்டர் வராம முழிக்கிற பிள்ளைங்களுக்கு ஒண்ணு. நான் வருஷாவருஷம் பிள்ளைங்களுக்கு லெட்டர் எழுதற ஆள். பாதி நேரம், லெட்டரை அப்லோட் பண்ணச் சொல்லி வர்ற அந்த இன்விடேஷன் மெயிலே எங்களுக்கு வந்து சேர்றதில்ல. ஸ்பாம்ல கிடக்கும், இல்லன்னா ஐடியில ஒரு எழுத்து தப்பா அடிச்சிருப்பீங்க. ஐடியைச் சரிபாருங்க, நினைவூட்டல் மெயில் திரும்ப அனுப்புங்க, நேர்லயும் சொல்லுங்க. "மேடம், லெட்டர் என்னாச்சு?"ன்னு கேக்காதீங்க. "இந்தத் தேதி கெடு, லிங்க் மறுபடி அனுப்பியிருக்கேன்"னு ரெண்டு வரி போதும். நாங்களும் மனுஷங்கதான்.

அப்புறம், நாங்க அனுப்பின அன்னிக்கே காலேஜ் போர்ட்டல்ல டிக் விழாது. வந்ததைக் கோப்புல சேர்க்கவே சில நாள் ஆகும். செக்லிஸ்ட்ல சிவப்பா இருக்கேன்னு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன் பண்ணாதீங்க.

கடைசிபெஞ்ச்:
டீச்சரம்மாவே சொல்றாங்க, இது டீச்சர் தப்புன்னு.

தேன்சிட்டு:
நான் எங்கேப்பா அப்படிச் சொன்னேன்?

மாடிப்படி:
சந்தடி சாக்குல நானும் கேக்கறேன். லெட்டர் பிடிஎஃப் என் கையிலேயே இருக்கு. சார் அனுப்ப மறந்துட்டார். நானே அப்லோட் பண்ணிடலாமா? சார் பேர்ல ஒரு மெயில் ஐடி ஆரம்பிச்சா அஞ்சு நிமிஷ வேலை.

நெட்டிலிங்கம்:
தம்பி, அது மோசடி. தெரிந்தால் அந்தக் காலேஜ் மட்டும் போகாது, கிடைத்த சீட்டும் போகும். கெடு டீச்சருக்கு அல்ல என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், அவசரம் யாருக்கு? அட்மிஷன் ஆபீஸுக்கு நாலு வரி மெயில் போடு. பெயர், விண்ணப்ப எண், எந்த லெட்டர் வரவில்லை, எப்போது வரும். அவ்வளவுதான். கதை எழுதாதே. சார் கைவிட்டால் வேறொரு டீச்சரைக் கேள். சார் இன்னும் அனுப்பாத நிலையில் அவர் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவரைப் போடலாம்.

மாடிப்படி:
அப்போ லெட்டரைப் பார்க்கிற உரிமையை விட்டுக்கொடுக்கிற ஃபெர்பா வேவர்ல கையெழுத்து போடாம இருந்தா? அப்போ லெட்டரை நான் பார்க்கலாம்தானே? பார்க்கிற உரிமை இருந்தா அனுப்பவும் உரிமை இருக்கும்.

நெட்டிலிங்கம்:
இது எந்த ஊர் லாஜிக்? ஃபெர்பா மாணவர் ஆவணங்கள் பற்றி 1974ல் வந்த அமெரிக்கச் சட்டம். நீ ஒரு காலேஜில் சேர்ந்த பிறகு, அவர்கள் அந்த லெட்டரை வைத்திருந்தால், பார்க்கக் கேட்கலாம். சேராத காலேஜில் உனக்கு அந்த உரிமையே கிடையாது. வேவரில் அதையும் விட்டுக்கொடுக்கிறாய். அனுப்புகிற உரிமை பற்றி அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

கடைசிபெஞ்ச்:
சட்டம் வேற வந்துடுச்சு. போன மாசம் ஸ்காலர்ஷிப் இழையிலயும் இப்படித்தான் வக்கீல் வேஷம் போட்டீங்க. கடைசியில யாருக்குக் கிடைச்சுது?

நெட்டிலிங்கம்:
அந்த இழையை இங்கே இழுக்காதீர்கள். அங்கே நான் சொன்னது அத்தனையும் சரி.

கடைசிபெஞ்ச்:
சரின்னு நீங்களே சொல்லிக்கிட்டீங்க.

ஆந்தைக்கண்:
ஒரு கேள்வி. கடைசிபெஞ்ச் அண்ணே, உங்க அக்கா பொண்ணு போட்டது இளங்கலையா, எம்எஸ்ஸா? ரெண்டும் ஒண்ணு இல்ல. எம்எஸ், பிஎச்டின்னா சில துறைகள்ல லெட்டர் எல்லாம் வந்தாத்தான் ஃபைல் கமிட்டிக்கே போகும். ஸ்காலர்ஷிப்புலயும் நிறைய இடத்துல லெட்டருக்கும் அதே தேதிதான். அங்கே நீங்க சொல்றது சரியா இருக்கலாம்.

கடைசிபெஞ்ச்:
பாத்தீங்களா! நான் சொன்னது சரின்னு ஒருத்தர் வந்துட்டார்.

நெட்டிலிங்கம்:
"இருக்கலாம்" என்றார். கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. இளங்கலையா, எம்எஸ்ஸா?

கடைசிபெஞ்ச்:
எதுவா இருந்தா என்ன? லெட்டர் லெட்டர்தான்.

நெட்டிலிங்கம்:
அப்படியானால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை என்ன செய்வீர்கள்? யூசிக்கு இளங்கலையில் ஒன்பது வளாகம். விண்ணப்பத்தோடு லெட்டரே கேட்பதில்லை. பெர்க்லி மட்டும் சிலரிடம் பிற்பாடு கேட்டதுண்டு. உங்கள் கணக்குப்படி அங்கே ஒருவரும் சேர்ந்திருக்க முடியாது.

கடைசிபெஞ்ச்:
கேக்காத இடத்தை எதுக்கு இழுக்கறீங்க? எம்ஐடி ரெண்டு டீச்சர் லெட்டர் கேக்குது. கணக்கோ அறிவியலோ ஒண்ணு, மொழியோ வரலாறோ மாதிரி ஒண்ணு. அதுக்கு என்ன சொல்றீங்க?

நெட்டிலிங்கம்:
கேட்கிறது. இல்லை என்று யார் சொன்னார்கள்? கேட்பது வேறு, அதே ராத்திரி 11:59க்கு வந்தாக வேண்டும் என்பது வேறு.

மாடிப்படி:
11:59ன்னா எந்த ஊர் 11:59? அவங்க ஊரா, நம்ம ஊரா?

ஆந்தைக்கண்:
காமன் ஆப்ல பொதுவா விண்ணப்பிக்கிறவர் இருக்கிற ஊர் நேரம். ஆனா எல்லா போர்ட்டலும் அப்படி இல்ல. யூசிக்கு பசிபிக் நேரம்.

கடைசிபெஞ்ச்:
தப்பு. எப்பவும் காலேஜ் இருக்கிற ஊர் நேரம்தான்.

நெட்டிலிங்கம்:
இதுவும் உங்கள் அக்கா மகள் சொன்னதா?

கடைசிபெஞ்ச்:
குடும்பத்தைப் பத்திப் பேசாதீங்க.

நெட்டிலிங்கம்:
முதலில் குடும்பத்தைக் கொண்டுவந்தது யார்?

தேன்சிட்டு:
மாடிப்படி, உங்க சார் கிட்ட பேசினீங்களா இல்லையா?

மாடிப்படி:
சார் ப்ளூ டிக் ஆகியும் பதில் போடல மேடம். ஆனா அந்த ஜிமெயில் ஐடியா அவ்வளவு மோசமா என்ன? ஃபார்ம்ல சார் பேர்தானே வரும்.

தேன்சிட்டு:
கவுன்சிலர் கிட்ட சொல்லுங்க. அவங்க கேட்டா சார் எழுதுவார். புது ஐடி எல்லாம் ஆரம்பிச்சு வைக்காதீங்க.

கடைசிபெஞ்ச்:
அந்த சார் எழுத மாட்டார் தம்பி. கெடு முடிஞ்சுது, ஃபைலைத் திறக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் பாரு.

நெட்டிலிங்கம்:
மறுபடியும் அதே வேதம்! பதினோராவது முறையாகச் சொல்கிறேன். கெடு மாணவருக்கு.

ஆந்தைக்கண்:
நாலாவது முறை இருக்கும் அண்ணே.

நெட்டிலிங்கம்:
எண்ணுவதற்கு நேரம் இருக்கிறது, அந்தப் பையனுக்கு மெயில் எழுதிக் கொடுக்க நேரம் இல்லை.

ஆந்தைக்கண்:
நீங்க எழுதிக் கொடுத்தீங்களா?

கடைசிபெஞ்ச்:
அவரா? அவர் சட்டம் மட்டும்தான் சொல்வார். ஸ்காலர்ஷிப் இழையிலயும் ஒரு டிராஃப்ட் தர்றேன்னார், இன்னும் வந்துக்கிட்டே இருக்கு.

நெட்டிலிங்கம்:
டிராஃப்ட் அன்றைக்கே போட்டேன். நீங்கள்தான் என்னை ப்ளாக் பண்ணியிருந்தீர்கள்.