பியர்டட் ட்ராகன் நாலு நாளாச் சாப்பிடேல்லை, பின்கால் விரல் துடிக்குது. ஆராவது உதவுங்கோ

வெள்ளவத்தை அப்பா:
வணக்கம். மகளின்ர ஆசைக்கு ஒரு பியர்டட் ட்ராகன் (ஓணான் மாதிரி ஒரு பல்லி வகை) வளர்க்கிறம். பேர் தாடியர், வயசு பத்து மாசம். வெளிநாடு போன குடும்பமொண்டு மார்ச்சில பெட்டியோட எங்களிட்டத் தந்துவிட்டுப் போனது. இப்ப நாலு நாளா ஒண்டையும் வாயில வைக்கிறாரில்லை. நேற்றிரவு கையில எடுக்க, வலது பின்கால் விரல் ரெண்டு தன்பாட்டில துடிச்சுக்கொண்டிருந்தது. ஆள் அசையாமக் கிடக்கேக்கையும் அந்தத் துடிப்பு நிக்கேல்லை. முந்தி நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர், இப்ப வயிறு தரையில இழுபட நடக்கிறார்.

பெட்டி 4 அடி நீளம். உள்ளுக்கு ஒரு பக்கம் சூட்டு பல்ப், மேல நீளத்துக்கு யூவீபீ (புற ஊதாக் கதிர்) ட்யூப். ட்யூப் மார்ச்சில புதுசாப் போட்டது. பல்புக்குக் கீழ கல்லில 40 பாகை, மற்றப் பக்கம் 29. ஈரப்பதம் 78 காட்டுது. சில்வண்டு, பூசணி, முருங்கையிலை குடுக்கிறம், கல்சியம் பவுடரும் இருக்கு. இந்த ஒக்டோபர் மழை தொடங்கினாப் பிறகுதான் இப்பிடி. ஈரம்தான் காரணமோ? மகள் ரெண்டு நாளா ஸ்கூலுக்கும் போகாமப் பெட்டிக்குப் பக்கத்திலயே இருக்கிறாள்.

கொட்டாஞ்சேனை பிரியன்:
78 ரொம்பக் கூட, அண்ணா. இது ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துப் பிராணி, 30லிருந்து 40 வரைதான் அதுக்குச் சரி. நம்ம கொழும்பு ஈரத்தில நெஞ்சுச் சளி பிடிக்கும். மூக்கில நுரை வருதா, மூச்சு விடும்போது சத்தம் கேட்குதா பாருங்க. சூட்டுக் கல்லில வாயைத் திறந்துகொண்டு இருந்தால் பயப்பட வேண்டாம், உடம்புச் சூட்டைக் குறைக்கத்தான் அது. குளிர்ப் பக்கத்திலயும் அப்படி இருந்தால்தான் யோசிக்கணும். பெரிய தண்ணிக் கோப்பை, தும்புத்தூள் உள்ளே இருந்தால் வெளியே எடுங்க.

வெள்ளவத்தை அப்பா:
நுரை இல்லை தம்பி, சத்தமும் இல்லை. கீழ பேப்பர்தான் விரிச்சிருக்கிறம்.

தெமட்டகொடை நானா:
அப்படியென்றால் நெஞ்சு விஷயம் இல்லை. விரல் துடிக்குது, வயிறு இழுபடுது என்று நீங்க சொன்னதுதான் எனக்குப் பயமா இருக்கு. மூன்று கேள்வி கேட்கிறன், உள்ளபடி சொல்லுங்க. அந்த ட்யூப் பெட்டிக்கு உள்ளேயா, மூடிக்கு மேலேயா? மூடி வலையா, கண்ணாடியா? கல்சியத்தை எப்படிக் குடுக்கிறீங்க?

வெள்ளவத்தை அப்பா:
ட்யூப் மூடிக்கு மேல. வாங்கேக்க மூடி வலைதான். சில்வண்டுகள் வலை ஓட்டையால வெளிய வந்து, இரவில குசினிக்குள்ள கத்தத் தொடங்கிட்டுது. அம்மாவுக்கு நித்திரை இல்லை. ஜூன் மாசம் நான்தான் கண்ணாடித் தட்டொண்டு வெட்டுவிச்சு மூடினன். காத்துக்கு ஒரு ஓரத்தில இடைவெளி விட்டனான். கல்சியம் டின்னை இப்பத்தான் திறந்து பார்த்தன், பவுடர் முழுக்கக் கட்டி பட்டுக் கல்லு மாதிரி. கரண்டியால கிண்டித் தூவினால் குருணி குருணியாக் கீழ விழுகுது, பூச்சியில ஒட்டுதில்லை.

தெமட்டகொடை நானா:
உங்கட பதிலிலேயே காரணம் இருக்கு.

வெளிச்சம் கண்ணாடிக்குள்ளால வடிவா வரும், அதனால பார்க்கிற நமக்கு எல்லாம் சரி போலத்தான் தெரியும். ஆனால் யூவீபீ கதிரைச் சாதாரணக் கண்ணாடி கிட்டத்தட்ட முழுசா மறிச்சிரும். அந்தக் கதிர் தோலில பட்டால்தான் இவங்கட உடம்பு விற்றமின் டீ3 செய்யும். டீ3 இல்லாட்டி, தின்ன கல்சியம் உடம்பில சேராது. இரத்தத்தில கல்சியம் குறையும்போது உடம்பு எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். விரல் துடிக்கிறது அதுக்கு ஒரு அடையாளம். அப்படியே விட்டால் தாடை ரப்பர் மாதிரி மெதுவாகும், கால் வளையும், வலிப்பும் வரலாம். ஜூனிலிருந்து நாலு மாசம், அதுவும் வேகமா வளர்ற வயசு. அதோட பவுடரும் பூச்சியில ஒட்டேல்லை.

இன்றைக்கே கண்ணாடியை எடுங்க. ட்யூபை வலைக்கு மேலேயும் வைக்க வேண்டாம், வலையும் கதிரில ஒரு பங்கைத் தின்னும். உள்பக்கமா மாட்டுங்க. கல்லுக்கும் ட்யூபுக்கும் எவ்வளவு தூரம் என்று ட்யூப் வந்த பெட்டியிலேயே போட்டிருப்பாங்க, அதைக் கேளுங்க. டீ5 என்ற மெல்லிய வகை ட்யூப் என்றால் வலை நடுவில இல்லாமப் பொதுவா 30லிருந்து 45 சென்டிமீட்டர் வரும். சில்வண்டைப் பெட்டிக்குள்ள அவிழ்த்து விடாமல் குறட்டால ஒவ்வொன்றாக் குடுத்தால் அம்மாவுக்கும் நித்திரை வரும். பூச்சி அவரின்ர ரெண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிசா இருக்கக் கூடாது.

எனக்கும் இதே பிழை நடந்தது. என்ர முதல் பியர்டட் ட்ராகனை யன்னல் கண்ணாடிக்குப் பக்கத்தில வைத்துவிட்டு, வெயில் கிடைக்குதுதானே என்று எட்டு மாசம் இருந்தேன். அதன்ர முன்கால் கடைசிவரை நேராகவே இல்லை. அதனாலதான் இவ்வளவும் எழுதுறன்.

தெஹிவளை அக்கா:
நானா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் விளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்காதீங்க தம்பி. துடிப்புத் தொடங்கின பிறகு மிருக வைத்தியரிட்டக் காட்டத்தான் வேணும். போக முதல் தொலைபேசியில "ஊர்வன பார்ப்பீங்களா?" என்று கேளுங்கோ, நாய் பூனை மட்டும் பார்க்கிறவை கனபேர். கொழும்பில ஒருத்தரும் அகப்படாட்டி, பேராதனைப் பல்கலைக்கழகத்தின்ர கால்நடை மருத்துவ பீடத்தில கேட்டுப் பாருங்கோ. மனுசருக்கு விக்கிற கல்சியக் குளிசையைக் கரைச்சுப் பருக்க வேண்டாம். டீ3 கூடினாலும் நஞ்சுதான், அளவை வைத்தியர்தான் சொல்லவேணும். கொண்டுபோகேக்க எலும்பு உடையாமல் துவாயில தாங்கிப் பிடியுங்கோ. வாலைப் பிடிக்க வேண்டாம்.

மழை விடுற நாளில காலமை ஒன்பது மணி போல மொட்டைமாடியில 15 நிமிசம் நேர் வெயில் குடுக்கலாம். பக்கத்தில நிழல் இருக்கவேணும், கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு வெயிலில விடவே கூடாது, உள்ள அவிஞ்சிடும். முக்கியமா, பக்கத்தில இருந்து ஒரு நிமிசம்கூட எழும்பாதையுங்கோ. வெள்ளவத்தைக் காகங்களை உங்களுக்குத் தெரியும்தானே.

இன்னொண்டு. மழைக்காலத்தில வீட்டுக்குள்ள மின்மினி வரும். பிள்ளை ஆசையாப் பிடிச்சுக் குடுத்திடப் போறாள். ஒரேயொரு மின்மினியே ஒரு பியர்டட் ட்ராகனைக் கொல்லப் போதும். மருந்தடிச்ச வளவில பிடிச்ச வெட்டுக்கிளியும் வேண்டாம், பட்டர்புறூட்டும் (அவகாடோ) வேண்டாம்.

மட்டக்குளி தங்கச்சி:
இடையில ஒரு கேள்வி, குறை நினைக்காதீங்க. நானும் ஒன்று வாங்க இருக்கிறேன். ஜோடியா தர்றேன் என்று ஒருவர் சொல்றார், குட்டி விரல் நீளம்தான். எடுக்கலாமா?

தெமட்டகொடை நானா:
ஜோடி வேண்டாம் தங்கச்சி. ஒரே பெட்டியில ரெண்டு இருந்தால் ஒன்று மற்றதை அமுக்கும், வாலையும் விரலையும் கடிக்கும். அவ்வளவு சின்னக் குட்டியும் வேண்டாம். இரண்டு மூன்று மாசமாகி, தானாப் பூச்சியைத் துரத்திப் பிடிக்கிறதை உங்கட கண்ணால பார்த்து எடுங்க. கண் தெளிவா இருக்கணும், பின்பக்கம் சுத்தமா இருக்கணும், உள்ளங்கையில வைத்தால் முன்காலை ஊன்றித் தலையைத் தூக்கணும். வளர்ந்தால் 2 அடி வரும், நல்லா வைத்தால் பத்து வருஷமும் இருக்கும். உங்கட படிப்பு, கல்யாணம் எல்லாத்துக்குள்ளயும் அதுவும் கூடவே வரும், அதையும் யோசியுங்க.

எல்லாத்துக்கும் முதல் பத்திரத்தைக் கேளுங்க. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி வெளிநாட்டு ஊர்வனவற்றை அனுமதியில்லாம இங்கே இறக்க முடியாது. பத்திரம் இல்லை என்று சொன்னால் அந்த இடத்திலேயே விட்டுட்டு வாங்க. சந்தேகம் என்றால் பத்தரமுல்லையில வனஜீவராசிகள் திணைக்களத்தில கேளுங்க.

வெள்ளவத்தை அப்பா:
எங்களிட்ட முதல் ஆக்கள் தந்த அனுமதிப் பத்திர நகல் இருக்கு நானா. கண்ணாடியை எடுத்திட்டன். நாளைக்குக் காலமை வைத்தியரிட்டப் போறம்.

வெள்ளவத்தை அப்பா (16 நாளுக்குப் பிறகு):
எல்லாருக்கும் சொல்லவேணும் எண்டு வந்தனான். எக்ஸ்ரேயில துடை எலும்பு மங்கலாத்தான் தெரிஞ்சது, முறிவு இல்லை. வாயால பருக்கக் கல்சிய மருந்து தந்தவை. மகள்தான் காலமையும் பின்னேரமும் ஊசியில்லாத சிறிஞ்சால உதட்டோரத்தில துளித்துளியாக் குடுக்கிறாள். அவர் நக்கி நக்கிக் குடிக்கிறார். துடிப்பு நிண்டு ஆறு நாள். நேற்று ஒரு செவ்வரத்தம்பூவை முழுசாத் திண்டார், தாடியெல்லாம் சிவப்பு. மேல வலையும், அறையில ஒரு காத்தாடியும் போட்டாப் பிறகு பகலில ஈரப்பதம் 60க்கு இறங்கியிருக்கு. கல்லில ஏறத்தான் இன்னும் கஷ்டப்படுறார். கல்லை முந்தின உயரத்துக்கு வைக்கலாமோ?

தெமட்டகொடை நானா:
அல்ஹம்துலில்லாஹ், மனசு நிறைஞ்சது. கல்லை இப்ப உயர்த்த வேண்டாம், விழுந்தால் அந்த எலும்பு தாங்காது. தட்டையான கல்லைத் தரையோட வைத்துவிட்டு, அதுக்கு ஏற்றமாதிரி ட்யூபையும் பல்பையும் இறக்குங்க. கல்லுச் சூட்டைத் திரும்ப அளக்க மறக்காதீங்க. அடுத்த எக்ஸ்ரே பார்த்த பிறகு வைத்தியர் சொன்னால் உயர்த்தலாம். கல்சியம் புது டின்னை இறுக்கமான போத்தலில போட்டு, அரிசிச் சின்னப் பொட்டலம் ஒன்றை உள்ளே வையுங்க. ட்யூபில மாட்டின திகதியை எழுதி ஒட்டுங்க. ஒரு வருஷமானால் எரிஞ்சுகொண்டிருந்தாலும் மாத்தணும், வெளிச்சம் இருக்கும், கதிர் குறைஞ்சிருக்கும்.