1 ஏக்கர், 20 ஆடு: மாதம் என்ன நிற்கும்?

கேள்வி: கிணற்றுப் பாசனத்தோடு 1 ஏக்கர் இருக்கு. பரண் (தரைக்கு மேல உயர்த்திக் கட்டுற கொட்டில்) போட்டு 20 பெட்டை, 1 கிடா வளர்க்கலாம்னு எண்ணம். வேலையை விட்டுடலாமா?

பதில் 1: மாதக் கணக்கே போடாதீங்க. சினை 5 மாதம், குட்டி விற்பனைக்கு வர இன்னொரு 5, 6 மாதம். இன்னைக்குப் பருவப் பெட்டை வாங்கினாலும் முதல் காசு கைக்கு வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் தீவனம், மருந்து, வீட்டுச் செலவுக்குத் தனியா பணம் இருக்கா? இல்லைன்னா வேலையை விடாதீங்க.

பதில் 2: பரணுக்கு முன்னால புல். ஆட்டுக்கு நாளைக்கு 4 கிலோ பசுந்தீவனம்னா 21 ஆட்டுக்கு 84 கிலோ. கோ 4 (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்) கரணை நட்டா முதல் அறுப்புக்கே 75 நாள், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. புல் அறுப்புக்கு வந்த பிறகு ஆடு வாங்குங்க. வெறும் புல்லுல குட்டி எடை ஏறாது. வேலிமசால், அகத்தி, சூபாபுல் மாதிரி பயறுவகைத் தீவனம் கலக்கணும். சூபாபுல் தீவனத்துல மூணுல ஒரு பங்கைத் தாண்டினா அதுல இருக்கிற மைமோசின்ங்கிற நச்சால ஆட்டுக்கு முடி கொட்டும்.

பதில் 3: சந்தை ஆட்டை நேரா பட்டியில விடுறதுதான் பெரிய நஷ்டம். 3 வாரம் தனியா கட்டி, குடற்புழு நீக்கி, ஆட்டுக்கொல்லி நோய்க்கு (PPR) தடுப்பூசி போட்டுச் சேருங்க. மழைக்கு முன்னால துள்ளுமாரி (குடல்ல நச்சு உண்டாகிற நோய்) தடுப்பூசி. புது மழையில துளிர்த்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ஞ்சா இந்த நோய் வந்து கொழுத்த குட்டிதான் முதல்ல சாகும். விற்கும்போது கண்மதிப்பு வேண்டாம், தராசு வச்சு உயிர் எடைக்குப் பேசுங்க.

கேட்டவர்: அப்போ முதல்ல கரணை. எத்தனை சென்ட்?

பதில் 2: புல்லுக்கு 25, பயறுவகைத் தீவனத்துக்கு 15. கோடையில கிணறு வத்துமான்னு பார்த்துக்குங்க.