அதே ஆறு பேர், மூன்று புது ஊழியங்கள்: எப்படித் தொடங்குவது?

டிக்கோயா_சபைச்செயலாளர் (கேள்வி)

எங்கள் தேயிலைத் தோட்டச் சபையில் எண்பது குடும்பங்கள், தோட்டத்தின் நாலு டிவிசனிலும் (பிரிவிலும்) இருக்கிறார்கள். வாலிபர் ஐக்கியம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்கக் கேட்கிறது. மாதர் சங்கம் நோயாளிகளைச் சந்திக்கும் குழு வேண்டும் என்கிறது. மழைக்காலத்தில் மண்சரிவைக் கவனிக்க ஒரு குழு வேண்டும் என்று சிலர். ஒன்றையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் எதைக் கேட்டாலும் முன்வருவது அதே ஆறு பேர். ஐயர் (போதகர்) மூன்று சபைகளைப் பார்ப்பதால் மாதம் இரண்டு ஞாயிறுதான் இங்கே. எதை முதலில் எடுப்பது? ஆட்களை எப்படிச் சேர்ப்பது?

உக்கிராணக்காரர்_பதுளை

முதலில் கமிட்டியில் ஒரு தீர்மானம் எழுதுங்கள்: ஒருவர் ஒரு ஊழியத்தில் மட்டும்தான் பெயர் கொடுக்கலாம். இதில் விட்டுக்கொடுத்தால் உங்கள் ஆறு பேரும் மூன்று குழுவிலும் இருப்பார்கள், வருட முடிவில் மூன்றும் படுத்துவிடும். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6இல் பந்திவிசாரணைக்கென்று (சாப்பாடு பகிரும் வேலைக்கென்று) ஏழு பேரைத் தனியாகத் தெரிந்தெடுத்ததும் இதே சிக்கலுக்காகத்தான்.

ஆராதனை முடிவில் "விருப்பமுள்ளவர்கள் பெயர் தாருங்கள்" என்று அறிவித்துப் பயனில்லை. எல்லோரும் அடுத்த வாங்கில் இருப்பவரைத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்குப் போய், வேலையை அளந்து கேளுங்கள்: "மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒன்றரை மணி நேரம், ஆறு மாதம்." முடிகிற தேதி தெரிந்தால், இதுவரை எதிலும் சேராதவர்கூட யோசிப்பார். மூன்று பேர் கிடைக்காத ஊழியத்தைத் தொடங்கவே வேண்டாம். ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்குக் கொழும்பில் வேலை என்றால் மிஞ்ச ஒருவராவது வேண்டும்.

தொடங்கும் மாதமும் முக்கியம். மார்ச் முதல் மே வரை தேயிலைக் கொழுந்து கூடும், ஞாயிறும் கைக்காசுக்கு (அன்றன்றே காசு வாங்கும் வேலைக்கு) போவார்கள். அதன்பின் உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை. ஜனவரியில் தொடங்கினால் பழகிக்கொள்ள இரண்டு மாதமாவது கிடைக்கும். சம்பள நாளில் எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள்.

பண்டாரவளை_டீச்சர்

மாலை வகுப்பை முதலில் எடுக்கலாம், ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பிள்ளை மடுவத்திலோ (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலோ) தோட்டத்து மண்டபத்திலோ நடத்துவதானால் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல்லாக இருந்தால் துரை (தோட்ட முகாமையாளர்) மாறும்போது வகுப்பும் நின்றுவிடும்.

லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் இந்துப் பிள்ளைகளும் வருவார்கள், வர வேண்டும். பாடத்தோடு ஜெபத்தைச் சேர்க்காதீர்கள். பெற்றோரிடம் வாங்கும் ஒப்புதல் கடிதத்தில் அதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு ஒரு தடவை எழும்பிவிட்டால் அந்த டிவிசனில் எந்த ஊழியமும் நடக்காது. ஓய்வுநாள் பாடசாலைக்கு ஞாயிறு இருக்கிறது.

எந்த நேரமும் பெரியவர்கள் இருவர் வகுப்பில் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண். ஒருவர் வராவிட்டால் அன்றைக்கு வகுப்பு இல்லை. சிறுவர் உதவித் தொலைபேசி 1929ஐச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மூன்றரைக்குத் தொடங்கி ஐந்துக்கு விட்டால்தான் தூரத்து லயப் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேர்வார்கள்.

வகுப்பில் சாப்பிடக் கொடுப்பதானால், முப்பது பிள்ளைகளுக்குக் காய்ந்த கொண்டைக்கடலை 1.2 கிலோ போதும். ஊறி வெந்ததும் இரண்டு மடங்குக்கு மேல் வரும், ஆளுக்கு ஒரு கை நிறையக் கிடைக்கும். முந்தின இரவே ஊறப்போட வேண்டும். 1,200 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடுவதால் சாதாரணப் பானையில் கடலை லேசில் வேகாது. பிரஷர் குக்கர் ஒன்றை இரவல் கேளுங்கள்.

டிக்கோயா_சபைச்செயலாளர்

நன்றி. மண்சரிவுக் குழு சபையின் வேலைதானா என்று கமிட்டியில் ஒருவர் கேட்கிறார்.

கொஸ்லந்தை_வாலிபர்

2014 அக்டோபர் 29இல் எங்கள் கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களை மண் மூடியதை நினைவுபடுத்தினால் அந்தக் கேள்வி வராது. குழுவின் வேலை மழையை அளப்பது, செய்தி சொல்வது. அபாயம் இல்லை என்று தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை இல்லை.

மழையை அளக்க, நேர்ச்சுவருள்ள பிளாஸ்டிக் போத்தலின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே வையுங்கள். அடியில் வளைந்த பகுதியைக் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு நிரப்பி, அந்த மட்டத்தில் பூச்சியம் குறித்து, மேலே மில்லிமீற்றர் அளவுகோல் ஒட்டுங்கள். வாயும் உடலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். கூரை, மரம் எதுவானாலும் அதன் உயரத்தைப் போல இரு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். பலரும் வாசல் ஓரத்தில் வைத்து, கூரைத் தண்ணீரையும் சேர்த்து அளந்துவிடுகிறார்கள்.

தினமும் காலை 8.30க்குப் பார்த்து எழுதிவிட்டு வெறுமையாக்கி, பூச்சியம் வரை தண்ணீரை மட்டும் விட்டுவையுங்கள். விடாத மழையென்றால் இடையிலும் பாருங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணி நேரத்துக்கு 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். அதற்கு முன்பே நிலத்தில் வெடிப்பு, திடீரென்று கலங்கிய ஊற்று, சாய்ந்த மரம் கண்டால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்: ஆட்களை வெளியேற்றி, கிராம சேவகருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் சொல்லுங்கள். சரிவுக்குக் கீழே இருக்கும் கோவில், சர்ச் எதையும் தங்குமிடமாகக் குறிக்காதீர்கள்.

மாதர்சங்கம்_அட்டன்

நோயாளி சந்திப்புக்கு இருவர் இருவராகப் போங்கள், இருபது நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம். மருந்து ஆலோசனை கூடாது. கிளினிக் நாள் எது, கிளினிக் கொப்பி வீட்டில் இருக்கிறதா, கூட்டிப் போக ஆள் உண்டா என்று மட்டும் விசாரியுங்கள். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ், கட்டணம் இல்லை. லயத்து வாசல் வரை ரோட்டு இல்லாவிட்டால் வண்டி எங்கே நிற்கும், அதுவரை தூக்கிவர யார் யார் என்பதை டிவிசன் வாரியாக இப்போதே எழுதி வையுங்கள். பயணச் செலவுக்குத் தனி ரசீதுப் புத்தகம், இருவர் கையெழுத்து. சபைக் காணிக்கைப் பணத்தோடு கலக்காதீர்கள்.