த்வோர்ஷாக்கின் ஓபஸ் 47க்குப் பழைய பிரெஞ்சு ஹார்மோனியம்: சுருதியை ஏற்றலாமா?

கேள்வி:
செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக் 1878இல் இரண்டு வயலின், செல்லோ, ஹார்மோனியத்துக்காக எழுதிய பேகடெல்களை (சிறு இசைத்துண்டுகளை) வாசிக்கப்போகிறோம். காலால் மிதிக்கும் இந்தப் பெட்டியின் சுருதி ஏ=435 (ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு 435 அதிர்வுகள்). 440க்கு ஏற்றலாமா? சில ரீடுகள் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்குகள்) பேசவும் இல்லை.

மறுமொழி 1:
தயவுசெய்து ஏற்றாதீர்கள். வித்தியாசம் சுமார் 20 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). அதற்கு எல்லா நாக்குகளின் நுனியையும் சுரண்டவேண்டும். பித்தளை மெலிந்து குரலே மாறும், சுரண்டிய உலோகம் திரும்பாது. தந்திக்காரர்கள் 435க்கு இறங்கட்டும்.

பேசாத ரீடில் பெரும்பாலும் தூசிதான். மெல்லிய காகிதத் துண்டை நாக்குக்கும் சட்டத்துக்கும் இடையே விட்டு மெதுவாக இழுங்கள். நாக்கை வளைத்துவிடாதீர்கள், இடைவெளி கூடினால் ஸ்வரம் தாமதமாக வரும்.

மறுமொழி 2:
அதற்கும் முன்னால் கசிவைப் பாருங்கள். எக்ஸ்பிரஷன் ஸ்டாப்பை (ஸ்டாப் என்பது இழுத்துத் திறக்கும் குமிழ்) மூடி, துருத்தியை நிரப்பி, மிதிப்பதை நிறுத்துங்கள். கட்டை எதையும் அழுத்தாமலே சட்டென்று இறங்கினால் தோல் மடிப்போ வால்வோ போயிருக்கும். எக்ஸ்பிரஷனைத் திறந்தால் சேமிப்புத் துருத்தி விலகி, மிதியின் காற்று நேரே ரீடுக்குப் போகும். வயலினின் வில் செய்வதை இங்கே பாதம் செய்கிறது. இதைப் பழகாமல் அந்தப் பேகடெல்களைத் தொடவே வேண்டாம்.

மறுமொழி 3:
கட்டைகளின் நடுவே இ, எஃப் ஸ்வரங்களுக்கு இடையே ஸ்டாப்புகள் இடம், வலம் என்று பிரியும். முழு வரிசையும் ஒரே குரலில் ஒலிக்க இரு பக்கத்து ஸ்டாப்பையும் இழுங்கள். அடுத்து வாசிக்க, 1921இல் வியன்னா இசையமைப்பாளர்கள் ஷோன்பெர்க், பெர்க், வெபர்ன் மாற்றியமைத்த ஸ்ட்ராஸ் வால்ட்ஸ்கள் இருக்கின்றன: நால்வர் தந்திக்குழு, பியானோ, ஹார்மோனியம். பியானோவும் 435க்கு வந்தாகவேண்டும்.