கட்டுநாயக்கா எயார்போட்டில ஆக்களை ஏத்திறதுக்கு வானோ பஸ்ஸோ?

கொக்குவிலான்:
அக்கா லண்டனில இருந்து ரெண்டு பிள்ளையளோட வாறா, விடிய 4 மணிக்கு கட்டுநாயக்காவில இறங்கிறா. அம்மா சொல்லுறா இஞ்ச யாழ்ப்பாணத்தில இருந்தே வான் பிடிச்சு எல்லாரும் போவம் எண்டு, நான் யோசிக்கிறன் நான் மட்டும் நைட் பஸ்ஸில போய் அங்க வான் பிடிச்சா காசு மிச்சம் எண்டு. பஸ்ஸெண்டா கொழும்புக்குப் போய்த்தான் திரும்பி வரோணுமோ?

பருத்தித்துறை அண்ணை:
கொழும்புக்கு ஏன் போறீர் தம்பி. புத்தளம் ரோட்டால போற பஸ் மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு தாண்டி கட்டுநாயக்காவாலதான் போகும், கொழும்பு அங்கால இன்னும் 30 கிலோமீற்றர் சொச்சம். சில பஸ் குருணாகலால போறது, புக் பண்ணேக்கயே கேளும். ஏறேக்க கொண்டக்டருக்குச் சொல்லி வையும், நான் நித்திரையாகி கொழும்பு பெற்றாவில முழிச்சு 187 பஸ்ஸில திரும்பி வந்தனான், அந்தக் கூத்தைக் கேட்காதையும். மெயின் ரோட்டில இறக்கி விடுவினம், அங்கால ஓட்டோ.

சுன்னாகம் ரீச்சர்:
சின்னப்பிள்ளையளோட எண்டா இஞ்சயிருந்து வான்தான் நல்லம். ஆனா முதல்ல அக்காட்ட எத்தினை பெட்டி எண்டு கேளும். போன முறை நாங்கள் அஞ்சு பேர் ஆசைக்கு ஏறிப்போய் வரேக்க பெட்டியை மடியில வச்சுக்கொண்டு வந்தனாங்கள், வவுனியா வரேக்க கால் விறைச்சுப்போச்சு. அம்மா மட்டும் போதும், சித்தி மாமியெல்லாம் வீட்டில நிக்கட்டும். போக வர 700 கிலோமீற்றருக்கு மேல, றைவர் பகல் நித்திரை கொண்டவரோ எண்டு விசாரியும், அனுராதபுரத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில இரவில யானையும் ரோட்டுக்கு வரும்.

கே.கே.எஸ் பெடியன்:
இஞ்ச பலாலி எயார்போட் இருக்கேக்க ஏன் இவ்வளவு பாடு? 2019ல திறந்தது, சென்னையில இருந்து பிளைட் வருகுது.

சுன்னாகம் ரீச்சர்:
தனித்தனி ரிக்கற் எண்டா சென்னையில வெளிய வந்து பெட்டி எடுத்துத் திரும்பப் போடோணும், லண்டன் பாஸ்போட்டுக்கு இந்தியா விசாவும் வேணும். வாறது சின்ன ஏ.ரி.ஆர். பிளேன், அவையின்ரை பெட்டிக் கணக்குக்குச் சரிவராது.

கொக்குவிலான்:
நன்றி. வான்தான் எண்டு முடிவாப்போச்சு, வழியில முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறதுக்கு அம்மா இப்பவே எடுத்து வச்சிட்டா. ஆறு பெட்டியாம். சித்திக்கு ஆர் சொல்லுறது எண்டதுதான் இப்ப பிரச்சினை.