ஒரே சுமையில் ஆறு கோர்களுக்கு இடையே 19 டிகிரி வித்தியாசம்: பேஸ்ட்டா, விசிறியா, சென்சாரா?

கேள்வி கேட்டவர்

வணக்கம். என்னுடைய கேமிங் மடிக்கணினியில் இன்டெல் கோர் ஐ7-12700ஹெச் செயலி இருக்கிறது. முன்பெல்லாம் விளையாடும்போது வெப்பநிலை 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை ஏறி அங்கேயே நிற்கும். விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு குறை இருந்ததில்லை. உள்ளே தூசி அடைந்திருக்கும் என்று எண்ணி, பழுதுபார்க்குமிடம் ஒன்றில் கொடுத்துச் சுத்தம் செய்து, வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் (பசை), பேட்களையும் (மெத்தை போன்ற துண்டுகள்) மாற்றி வாங்கினேன். சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது.

செயலிக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் சோதனையை ஓடவிட்டால் இரண்டு வினாடிக்குள் 100 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. 110 வாட்டில் தொடங்கும் செயலி, த்ராட்டிலிங் (சூடு கூடினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது) காரணமாக உடனே 70 வாட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருள் காட்டும் ஆறு பி-கோர்களின் (வேகமான பெரிய கோர்கள்) அளவுகள் 100, 99, 97, 85, 83, 81 என்று இருக்கின்றன. விசிறிகள் முழு வேகத்தில் சுற்றுகின்றன. ஆனால் பின்புறம் வெளியேறும் காற்று வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கிறது. இது சென்சார் கோளாறா, பேஸ்ட் சரியில்லையா, அல்லது கூலிங் ஸ்டாண்ட் வாங்கினால் தீர்ந்துவிடுமா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: கேமிங் பயனர்

மடிக்கணினியின் பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் காற்று உள்ளே போக இடம் கிடைத்தாலே சில டிகிரி குறையும். த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருள் கொண்டு அண்டர்வோல்ட் செய்வதும் (செயலிக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைப்பது) உதவும்.

மறுமொழி: வன்பொருள் பழுதுநீக்குநர்

மேலே நண்பர் சொன்னது பொதுவாகச் சரியான யோசனைதான்; ஆனால் நீங்கள் விவரித்த கோளாறு காற்றோட்டம் சார்ந்ததாகத் தோன்றவில்லை. செயலியில் பிறக்கும் வெப்பம் அறைக்கு வந்து சேர இரண்டு கட்டங்களைக் கடக்க வேண்டும். சிலிக்கான் சில்லிலிருந்து பேஸ்ட் வழியாக ஹீட்சிங்கின் (வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோக அமைப்பு) செம்புத் தட்டுக்குச் செல்வது முதல் கட்டம். அங்கிருந்து ஹீட்பைப் எனும் வெப்பக் குழாய் வழியாக விசிறிக்கு எதிரே உள்ள மெல்லிய தகடுகளுக்குப் போய்க் காற்றில் கலப்பது இரண்டாவது கட்டம். அடைப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் திருகாணியைத் தொடாமலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், வெப்பநிலை ஏறும் விதத்தைப் பாருங்கள். தகடுகளில் தூசி அடைத்திருந்தால் செம்பு முழுவதும் சூடாவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், வெப்பநிலை நிமிடக்கணக்கில் படிப்படியாக ஏறும். சோதனையை நிறுத்தினாலும் மெதுவாகத்தான் இறங்கும். சில்லுக்கும் செம்புக்கும் இடையே தொடர்பு சரியில்லை என்றால், சில்லின் எடை மிகச் சிறியது என்பதால் ஓரிரு வினாடியிலேயே உச்சத்துக்குத் தாவும், நிறுத்திய மறுகணமே 30 அல்லது 40 டிகிரி விழுந்துவிடும். உங்களுடையது இரண்டாவது வகை. செயலி 100 டிகிரியில் தவிக்கும்போது வெளிவரும் காற்று வெதுவெதுப்பாக மட்டும் இருப்பதும் அதையே காட்டுகிறது: வெப்பம் தகடுகளுக்குப் போதிய அளவு போய்ச் சேரவில்லை.

அடுத்தது, கோர்களுக்கு இடையேயான வித்தியாசம். இதில் அவசரப்பட்டு முடிவுக்கு வருபவர்கள் அதிகம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்கள் செயலியில் 6 பி-கோர்களும் 8 இ-கோர்களும் (மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிறிய கோர்கள்) இருக்கின்றன. பி-கோர்கள் அதிக மின்சாரம் இழுப்பவை; ஆகவே பி-கோரை பி-கோருடன் மட்டுமே ஒப்பிட வேண்டும், அதை நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள். விளையாட்டு ஓடும்போது எடுத்த அளவுகளை ஒப்பிடுவதில் பயனில்லை, ஏனெனில் விளையாட்டுகள் எல்லாக் கோர்களுக்கும் ஒரே அளவு வேலை கொடுப்பதில்லை. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் ‘அதிகபட்சம்’ என்ற பத்தியை வைத்தும் ஒப்பிடக் கூடாது. அதில் ஒவ்வொரு கோரும் வெவ்வேறு கணத்தில் தொட்ட உச்சம் பதிவாகியிருக்கும். எல்லாக் கோர்களுக்கும் சமமான சுமை கொடுத்து, சில நிமிடம் கழித்து, நடப்பு அளவையோ சராசரியையோ பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது 5 முதல் 10 டிகிரி வரை வித்தியாசம் இருப்பது இயல்பு. சுற்றிலும் வேலை செய்யும் கோர்கள் சூழ்ந்த நடுப்பகுதிக் கோர், ஓரத்தில் இருப்பதைவிடச் சூடாகத்தான் இருக்கும். 19 டிகிரி என்பது இயல்பு அல்ல.

சென்சார் மீது பழி போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இந்தச் சென்சார்கள் உச்சவரம்பான 100 டிகிரிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதைக் கணக்கிடுபவை. வரம்புக்கு அருகில் அவை நம்பகமானவை, கணினி சும்மா இருக்கும்போது காட்டும் அளவுகளில்தான் பிழை கூடுதலாக இருக்கும். விசிறிகளை முழு வேகத்தில் நிறுத்திவைத்து, த்ராட்டில்ஸ்டாப்பில் மின்வரம்பை ஒருமுறை 35 வாட்டுக்கும் மறுமுறை 70 வாட்டுக்கும் அமைத்து, இரண்டு முறையும் ஒரே சோதனையை ஓடவிடுங்கள். கோளாறு சென்சாரில் என்றால் இரண்டிலும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். தொடர்பில் கோளாறு என்றால் மின்சாரம் இரட்டிக்கும்போது வித்தியாசமும் இரட்டிக்கும். அறை வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்; அது இல்லாத அளவீட்டை நாளை வேறெதனோடும் ஒப்பிட முடியாது.

அண்டர்வோல்ட் பற்றி ஒரு வார்த்தை. 2019 டிசம்பரில் ‘பிளண்டர்வோல்ட்’ என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளிவந்த பின் பல மடிக்கணினிகளின் பயாஸில் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அந்த வசதி பூட்டப்பட்டுவிட்டது. உங்களுடையதில் திறந்திருந்தாலும் இப்போது தொடாதீர்கள். அது அறிகுறியைக் குறைத்து, அளவீட்டைக் குழப்பிவிடும்.

கேள்வி கேட்டவர்

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி. சொன்னபடியே செய்தேன், அறை வெப்பநிலை 30 டிகிரி. 35 வாட்டில் மிகச் சூடான பி-கோர் 64, மிகக் குளிர்ந்தது 55. 70 வாட்டில் 98-உம் 80-உம். வித்தியாசம் 9-இலிருந்து 18 ஆகிவிட்டது. சோதனையை நிறுத்தியதும் 98 என்று இருந்தது ஒரே வினாடியில் 60-க்கு அருகில் வந்துவிட்டது. ஆக, பேஸ்ட்டை மீண்டும் பூசச் சொன்னால் போதுமா? லிக்விட் மெட்டல் பயன்படுத்தினால் இன்னும் நல்லது என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

மறுமொழி: ரைசன் பயனர்

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னுடையது ரைசன் 7 6800ஹெச். அரை மணி நேரம் விளையாடிய பின் 95 டிகிரியில் ஒட்டிக்கொள்கிறது. கோர்களுக்கு இடையே 4 டிகிரிதான் வித்தியாசம், வெளிக்காற்று கையைச் சுடுகிறது. நானும் பேஸ்ட் மாற்ற வேண்டுமா?

மறுமொழி: வன்பொருள் பழுதுநீக்குநர்

ரைசன் நண்பருக்கு: வேண்டாம். வித்தியாசம் குறைவு, காற்று சூடு, ஏற்றம் மெதுவாக நடக்கிறது. உங்கள் சில்லுக்கும் செம்புக்கும் இடையே உள்ள தொடர்பு நன்றாகவே இருக்கிறது. 95 டிகிரி என்பது அந்தச் செயலியின் உச்சவரம்பு. விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளி போலப் படிந்திருக்கிறதா என்று அடிமூடியைத் திறந்து பாருங்கள். பல மாதிரிகளில் கிராஃபிக்ஸ் சிப்பும் செயலியும் ஒரே ஹீட்பைப்பைப் பகிர்ந்துகொள்வதால், விளையாடும்போது அதன் சூடும் செயலியின் கணக்கில் ஏறும். திரையின் பிரேம் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்தாலே நல்ல மாற்றம் தெரியலாம்.

இனி முதல் நண்பருக்கு. உங்கள் அளவீடு ஐயத்துக்கு இடமின்றித் தொடர்புக் கோளாறைக் காட்டுகிறது. ஆனால் வெறும் பேஸ்ட் குறை என்று நான் நினைக்கவில்லை. பேஸ்ட் காலப்போக்கில் விளிம்புக்குப் பிதுங்கி வெளியேறுவது உண்டு. மடிக்கணினிச் சில்லின் மேல் உலோக மூடி கிடையாது; சில்லும் செம்பும் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கும் ஒவ்வொரு முறையும் இளகலான பேஸ்ட் சிறிது சிறிதாகத் தள்ளப்படும். அது நாள்பட நடப்பது. உங்களுக்கோ வேலை முடிந்து கைக்கு வந்த அன்றே தொடங்கியிருக்கிறது. அதோடு, மூன்று கோர்கள் ஒரு கூட்டமாக 97-இலும் அதற்கு மேலும், மற்ற மூன்று 85-இலும் அதற்குக் கீழும் நிற்கின்றன. மென்பொருள் காட்டும் கோர் எண்ணைக் கொண்டு அது சில்லில் எந்த இடத்தில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் இப்படி இரண்டாகப் பிரிந்து நிற்பது, ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பேட்களையும் மாற்றியதாகச் சொன்னீர்கள். என் சந்தேகம் அங்கேதான். செயலிக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கும் மின்னழுத்தச் சீராக்கிப் பாகங்களின் மேல் பேட் இருக்கும். முன்பு இருந்ததைவிட அரை மில்லிமீட்டர் தடித்த, கடினமான பேட்டை அங்கே வைத்துத் திருகாணியை முறுக்கினால், அந்த ஓரம் அமுங்க மறுத்து ஹீட்சிங்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். எதிர் ஓரத்தில் பேஸ்ட் மெல்லிய படலமாகவும் இந்த ஓரத்தில் தடித்த அடுக்காகவும் அமையும். இந்த நிலையில் எவ்வளவு உயர்ந்த பேஸ்ட் பூசினாலும் பலன் கிடைக்காது.

லிக்விட் மெட்டலை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது காலியம் கலந்த உலோகக் கலவை. மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும். தளும்பாமல் தடுக்கும் வேலி இல்லாத ஹீட்சிங்கில், அதுவும் சாய்ந்து நிற்கும் ஹீட்சிங்கில் அதை ஊற்றுவது பலகையைப் பணயம் வைப்பதாகும்.

திறப்பதானால், கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, முதலில் மின்கலத்தின் இணைப்பியை விடுவியுங்கள். ஹீட்சிங்கில் திருகாணிகளுக்கு அருகே 1, 2, 3, 4 என்று எண்கள் பொறித்திருக்கும். கழற்றும்போது இறங்குவரிசை, பூட்டும்போது ஏறுவரிசை. ஒவ்வொன்றையும் ஒரேயடியாக இறுக்காமல், சுற்றுக்குச் சிறிதாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். தூக்கியதும் துடைத்துவிடாதீர்கள். சில்லிலும் செம்பிலும் பதிந்திருக்கும் பேஸ்ட்டின் தடத்தைப் படம் எடுத்து இங்கே விவரியுங்கள். இந்த வழக்கில் அதுதான் சாட்சி.

கேள்வி கேட்டவர்

திறந்து பார்த்தேன். செம்புத் தட்டில் நீள்செவ்வகமாகச் சில்லின் தடம் இருந்தது. அதன் ஒரு முனையில் பேஸ்ட் கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் அளவு மெலிந்து செம்பு நிறம் தெரிந்தது. மறுமுனையில் சாம்பல் நிறத்தில் தடிப்பாக, தூக்கியபோது இழுபட்ட கோடுகளோடு மேடாக நின்றது. தடித்த முனை நீங்கள் சொன்ன மின்னழுத்தச் சீராக்கியின் பக்கம். அங்கே இருந்த நீல நிறப் பேட் கிட்டத்தட்ட அமுங்கவே இல்லை, அளந்தால் 1.5 மில்லிமீட்டர். கிராஃபிக்ஸ் சிப்பின் பக்கத்தில் மாற்றாமல் விட்ட ஒரு பழைய பேட் 1 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக இருந்தது. இரண்டு இடத்திலும் அசலில் ஒரே தடிமன்தான் இருந்திருக்குமா?

மறுமொழி: வன்பொருள் பழுதுநீக்குநர்

அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இடத்துக்கு இடம் மாறும். அந்த மாதிரியின் சேவைக் கையேட்டில் பேட் தடிமன் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். கிடைக்காவிட்டால் பேட்டுக்குப் பதிலாகத் தெர்மல் புட்டி பயன்படுத்தலாம். பிசைந்த மாவைப் போல் இடைவெளிக்கு ஏற்பத் தானே அமுங்கிக்கொள்ளும் என்பதால் ஹீட்சிங்கைத் தூக்காது.

சில்லின் மேல் பூச, பேஸ்ட்டுக்குப் பதில் ஹனிவெல் பிடிஎம்7950 போன்ற நிலைமாறும் தாளைப் பார்க்கலாம். சாதாரண வெப்பத்தில் திடமாக இருந்து, 45 டிகிரியை ஒட்டி இளகி இடைவெளியை நிரப்பும். பேஸ்ட்டைப் போல எளிதில் பிதுங்கி வெளியேறாது. ஒட்டுவதற்கு முன் குளிர்பெட்டியில் சிறிது நேரம் வைத்தால் பாதுகாப்புப் படலம் கிழியாமல் உரிந்து வரும். பூட்டிய உடனே அளந்து ஏமாற வேண்டாம். சிலமுறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகுதான் அது முழுமையாகப் படியும்.

கேள்வி கேட்டவர்

சீராக்கிப் பக்கம் புட்டியும், சில்லில் நிலைமாறும் தாளும் வைத்து, எண் வரிசைப்படி பூட்டினேன். அதே 30 டிகிரி அறையில், விசிறி முழு வேகத்தில், 70 வாட் சுமைக்கு மிகச் சூடான பி-கோர் 83, மிகக் குளிர்ந்தது 77. வரம்பை 80 வாட்டுக்கு உயர்த்தினாலும் 91-ஐத் தாண்டவில்லை. த்ராட்டிலிங் இல்லை, பின்புறக் காற்று இப்போது நன்றாகச் சுடுகிறது. மீதமிருக்கும் 6 டிகிரியையும் குறைக்க மறுபடி திறக்கலாமா?

மறுமொழி: வன்பொருள் பழுதுநீக்குநர்

வேண்டாம். அது அந்தச் சில்லின் இயல்பு. திறக்கத் திறக்கத் திருகாணிப் பள்ளங்களும் இணைப்பிகளும்தான் தேயும். இந்த அளவுகளை அறை வெப்பநிலையோடு ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். பின்னொரு காலத்தில் இதே சோதனையில் எல்லாக் கோர்களும் சேர்ந்தாற்போல் உயர்ந்து, இடைவெளி மட்டும் இப்போது இருக்கும் அளவிலேயே நின்றால், ஹீட்சிங்கைக் கழற்றாமல் தகடுகளை மட்டும் சுத்தம் செய்யுங்கள். அப்போது விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி விசிறிப் பக்கமே திரும்பி அடைத்துக்கொள்ளும்.